மறுமொழி: சைமல்காஸ்ட் – ‘உடனொலி’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே நிகழ்ச்சியை அனலாக் (இப்போதைய பண்பலை முறை), டிஜிட்டல் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புவதுதான் சைமல்காஸ்ட். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழைக்கு வந்திருக்கும் பரிந்துரைகளை வானொலி நிலையத்தின் பக்கமிருந்து பார்த்து எழுதுகிறேன். சென்னை நிலையங்களில் இந்தச் சொல்லுக்குச் சீக்கிரமே வேலை வரும். 2025 அக்டோபரில் ட்ராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வெளியிட்ட பரிந்துரை, பெரிய நகரங்களில் புதிதாக வரும் தனியார் நிலையங்கள் அனலாக், டிஜிட்டல் இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும், ஏற்கெனவே இருப்பவை விரும்பினால் அப்படி மாறலாம் என்கிறது. அந்தப் பட்டியலில் சென்னையும் உண்டு.

> இணையொலிபரப்பு – சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

எழுத்தில் சரி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘இணைய ஒலிபரப்பு’ என்றுதான் காதில் விழும். ‘இணையொலிபரப்பில் கேளுங்கள்’ என்று அறிவித்தால் நேயர் கைபேசியில் செயலியைத் தேடுவார். டிஜிட்டல் வானொலி கோபுரத்திலிருந்து நேராக வருகிறது, அதற்கு டேட்டா செலவில்லை என்பதுதான் நாம் மக்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி. அதையே குழப்பும் சொல் வேண்டாம்.

> இரட்டை ஒலிபரப்பு – எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். இரட்டை என்றதும் இரண்டும் சமம் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் ஹெச்டி ரேடியோ என்ற டிஜிட்டல் முறை வந்தபோது டிஜிட்டல் பகுதிக்குக் கிடைத்தது அனலாக்கின் ஒலிபரப்புத் திறனில் 1 விழுக்காடு. 2010இல்தான் அதை 10 விழுக்காடு வரை உயர்த்திக்கொள்ள அனுமதித்தார்கள். ‘இரட்டை’ என்று கேட்கும் நிலைய நிர்வாகி, கரண்ட் பில்லும் இரண்டு மடங்காகும் என்று பயப்படுவார். செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பண்பலை டிரான்ஸ்மிட்டரின் பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்), வீச்சு, அதாவது அலையின் உயரம், மாறாத அலைக்காக அமைக்கப்பட்டது. அதை முழுத் திறனில் ஓட்டலாம். டிஜிட்டல் அலையின் வீச்சோ கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். உச்சங்கள் நசுங்காமலிருக்கப் பெருக்கியைத் தணித்துத்தான் ஓட்ட வேண்டும், அதனால் அதே பெட்டியிலிருந்து கிடைக்கும் திறன் குறைந்துவிடும். அப்புறம், ஒரே கோபுரத்தைப் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், அவற்றின் அலைகளைச் சேர்க்கும் கம்பைனர், டிஜிட்டலால் கூடும் அலைவரிசை அகலத்தைத் தாங்குமா என்றும் அளந்து பார்க்க வேண்டும்.

‘ஈரலை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சிற்றலை, பண்பலை வரிசையில் பொருந்துகிறது என்பது உண்மைதான். ஆனால் வானொலியில் கேட்கும்போது வேற்றுமை உருபு ஏற்ற ‘ஈரல்’ ஆகிவிடும். விட்டுவிடலாம்.

எனக்குப் பிடித்தது ‘உடனிகழ் ஒலிபரப்பு’. மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருள் பள்ளியில் படித்ததுதான். ‘தாயொடு குழந்தை வந்தது’ என்றால் இருவரும் ஒரே அளவு என்று யாரும் நினைப்பதில்லை, சேர்ந்து வந்தார்கள் என்பதுதான் பொருள். அனலாக்கும் டிஜிட்டலும் அப்படித்தான் ஒன்றாக வருகின்றன. குறை நீளம் மட்டுமே. அதனால் அதை ‘உடனொலி’ என்று சுருக்கலாம் என்பது என் முன்மொழிவு. வானொலி போலவே வாயில் நிற்கிறது. வினையாகவும் வளைகிறது: ‘இந்த நிகழ்ச்சி பண்பலையிலும் டிஜிட்டலிலும் உடனொலிக்கிறது.’

> உடன் என்றால் உடனடி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? லைவ் என்று ஆகிவிடுமே?

நியாயமான கேள்வி. ஆனால் லைவுக்கு ‘நேரடி’, ‘நேரலை’ இரண்டும் வேரூன்றிவிட்டன. வேறு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்பும் ரிலேவுக்கு ‘அஞ்சல்’ இருக்கிறது. உடனொலிக்கு அந்த இடங்களில் போட்டி இல்லை.

இந்தச் சொல்லின் குடும்பத்தில் மிகவும் தேவையானது ‘உடனொலித் தாமதம்’. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் ஒலியைச் சுருக்கி, பிழைதிருத்தம் சேர்த்து, வாங்கியில் (ரேடியோ பெட்டியில்) மறுபடி விரிக்கச் சில நொடிகள் பிடிக்கும். அனலாக் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். ஜிஎஸ்டி சாலையில் தாம்பரம் தாண்டிப் போகும் காரில் டிஜிட்டல் சிக்னல் அறுந்ததும் வாங்கி தானாக அனலாக்குக்கு மாறுகிறது என்று வையுங்கள். இரண்டையும் நேரப்படுத்தியிருக்காவிட்டால் அந்தச் சில நொடிப் பேச்சு காணாமல் போகும். திரும்ப டிஜிட்டலுக்கு வரும்போது கேட்டதே மறுபடி கேட்கும். மழைக்கால அறிவிப்பில் ‘சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்பதில் ஒரு மாவட்டம் விழுங்கப்பட்டால் எத்தனை வீட்டில் குழப்பம்! அதனால் நிலையங்கள் அனலாக்கையும் வேண்டுமென்றே தாமதப்படுத்துகின்றன, இதைத் ‘தாமத ஈடு’ எனலாம். ஹெச்டி ரேடியோவில் இது எட்டு நொடிக்கு மேல் வரும். அப்போது அறிவிப்பாளர் காற்றிலிருந்து வரும் தன் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பேச முடியாது, ஸ்டுடியோவின் ஒலிக் கட்டுப்பாட்டு மேசையான கன்சோலிலிருந்தே கேட்க வேண்டும். மணியொலியும் நேர அறிவிப்பும் பிந்தும். இதையெல்லாம் புதிய அறிவிப்பாளருக்குச் சொல்லிக்கொடுக்க ‘உடனொலித் தாமதம்’, ‘தாமத ஈடு’ என்ற இரண்டு சொற்கள் கையில் இருந்தால் பயிற்சி எளிதாகும்.

அனலாக்கும் டிஜிட்டலும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு ‘உடனொலிக் காலம்’ என்பதும் வேண்டும், ஏனென்றால் இது முடிவில்லாமல் நீளக் கூடாது. நார்வே 2017இல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தியது, சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 இறுதியில் நிறுத்தியது. இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. இங்கே அந்த முடிவு வர நெடுநாள் ஆகும் என்றே நினைக்கிறேன். பழைய பாக்கெட் ரேடியோ வைத்திருப்பவர்களையும், பண்பலையை மட்டும் வாங்கும் கைபேசிகளையும் நினைத்தால் அவசரப்படவும் கூடாது.

டிஜிட்டலுக்கு எண்ணிமமா, எண்முறையா, இலக்கமுறையா என்ற வாதத்தை இந்த இழையில் கிளற வேண்டாம். அறிவிப்பில் ‘டிஜிட்டல்’, ஆவணத்தில் அவரவர் விருப்பம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

சிக்னல் குறைந்ததும் டிஜிட்டல் ஒலி சட்டென நின்றுபோகும் கிளிஃப் எஃபெக்டுக்கு ‘செங்குத்து விளைவு’ என்று வந்திருக்கிறது. கேட்பவருக்கு அதில் எதுவும் தெரியவில்லை. அனலாக்கில் கரகரப்பு மெல்லக் கூடும். டிஜிட்டலில் தெளிவாக வந்துகொண்டே இருந்து சட்டென அறுந்துவிடும். ‘ஒலியறுதல்’ என்பதே போதும், அறுபடும் இடத்தை ‘அறுபடு எல்லை’ எனலாம். கவரேஜ் அளக்கப் போகும் பொறியாளர் வரைபடத்தில் குறிக்க வேண்டியதும் அந்த எல்லையைத்தான்.

பிளெண்ட் என்று சொல்கிறார்களே, வாங்கி தானாக இரண்டுக்கும் இடையே மாறுவது, அதற்கு என்னிடம் நல்ல சொல் இல்லை. ‘ஒலிமாற்றம்’ மிகப் பொதுவாக இருக்கிறது. நிலையங்களில் அறிவிப்பாளராக இருப்பவர்கள் ‘உடனொலி’யை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக் கருத்து எழுதும்போது, இதற்கும் ஒன்று யோசித்து அனுப்புங்கள்.