மூணு நாளில் இன்வாய்ஸ் முடியுதாம், அதனால நாலாம் நிலையாம்!

பிராய்க்காரன்:
கோலாலம்பூர்ப் பயிற்சிப் பட்டறை ஒன்றின் ஸ்லைடு வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டு இருக்கு. கம்பெனி பேரு வேண்டாம். "சப்ளையர் இன்வாய்ஸ் சராசரி 3 நாளில் முடிகிறது. ஆகவே எங்கள் செயல்முறை மேலாண்மை முதிர்ச்சி நிலை 4"னு கொட்டை எழுத்தில் போட்டிருக்காங்க. எனக்கு ஒரே கேள்வி. அந்த 3 நாளுக்குக் கடிகாரம் எங்கே ஓட ஆரம்பிக்குது? இன்வாய்ஸ் வந்து சேர்ந்த நேரத்திலா, கணக்கு எழுதுற கிராணி சிஸ்டத்தில் தட்டின நேரத்திலா? ஸ்லைடில் அதைத் தவிர எல்லாம் இருக்கு, டைரக்டர் போட்டோ உட்பட.

செந்தூல்_சார்:
பிபிஎம்என் என்ற செயல்முறை வரைபட முறையில் ஸ்டார்ட் ஈவெண்ட், அதாவது தொடக்க வட்டம், எங்கே இருக்கிறதோ அங்கேதான் செயல்முறை தொடங்கும். இங்கே அது "இன்வாய்ஸ் பதிவானது". அதற்கு முன் சப்ளையர் தபாலில் போட்டாரா, லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்பினாரா என்பது அவர் பாடு. நம் கையில் இல்லாததை அளந்து என்ன செய்வது? ஸ்லைடை மட்டும் பார்த்துவிட்டுக் குறை சொல்வது சுலபம், தம்பி.

பிராய்க்காரன்:
சப்ளையர் அனுப்புற வரைக்கும் அவர் பாடு, சரி. ஏபி, அதாவது சப்ளையருக்குப் பணம் கட்டுற பிரிவு, அதோட மெயில்பாக்ஸ் யாரு சர்வரில் இருக்கு சார்? வெளியிலிருந்து தகவல் வந்து நம்ம கட்டத்தில் முட்டுற இடத்துக்குத்தான் மெசேஜ் ஸ்டார்ட்னு ஒண்ணு வச்சிருக்கான், வட்டத்துக்குள்ளே கவர் படம். அதைத் தூக்கிக் கிராணி மேசையில் வச்சது சப்ளையரா?

எஸ்ஏபி கணக்கு மென்பொருளில் ஒரே இன்வாய்ஸுக்கு மூணு தேதி இருக்கும். ஆவணத் தேதி, சப்ளையர் தாளில் அச்சடிச்சது. போஸ்டிங் தேதி, எந்த மாதக் கணக்கில் ஏறணும்னு நாம அடிக்கிறது. என்ட்ரி தேதி, நிஜமா உள்ளே தட்டின நாள், அதை சிஸ்டமே போட்டுக்கும். என்ட்ரியிலிருந்து பணம் விடுவிக்கிற வரைக்கும் கழிச்சா 3 நாள் வராம என்ன செய்யும்? வந்து சேர்ந்த நேரம் இந்த மூணிலும் இல்லை. அதுக்குத் தனியா ஒரு ஃபீல்டு வச்சு, மெயில் விழுந்த நேரத்தை ஆள் கைபடாம அதில் ஏத்தணும். செஞ்சிருக்காங்களா?

தாமான்_கணக்கு:
நிலை 4 என்றால் என்னவென்று முதலில் பேசிவிடலாமா? ஓஎம்ஜி என்ற தரநிலை அமைப்பு 2008இல் வெளியிட்ட முதிர்ச்சி மாதிரியில் ஐந்து நிலைகள். நாலாவதில் செயல்முறையின் ஏற்ற இறக்கத்தையே புள்ளிவிவரமாகப் பிடித்து, அதை வைத்து நடத்த வேண்டும். வெறும் சராசரி போதாது...

பிராய்க்காரன்:
அக்கா, அதை அப்புறம் பேசலாம். கடிகாரம் எங்கே தொடங்குது?

செந்தூல்_சார்:
பதிவில் தொடங்குகிறது! எத்தனை தடவை சொல்வது? பினாங்கில் நாசி கண்டார் கடை வரிசையில் நின்ற நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தில் சேர்ப்பீர்கள் போல.

பிராய்க்காரன்:
பசிச்சவனுக்கு வரிசையும் சேர்த்துத்தான் நேரம் சார். சப்ளையர்தான் பசிச்சவன்.

ஏன் தட்டாம வச்சிருக்காங்கன்னு யாரும் கேக்கலை. கிராணி சோம்பேறி இல்லை. பிஓ (வாங்குறதுக்குப் போட்ட ஆர்டர்), ஜிஆர்என் (சரக்கு வந்த பதிவு), இன்வாய்ஸ் மூணும் ஒத்துப்போகணும். சரக்கு இறங்கினதும் கூட வர்ற டெலிவரி சீட்டில், டிஓவில், கையெழுத்தும் கம்பெனி சாப்பும் (முத்திரையும்) விழுந்துடும். ஆனா ஸ்டோரில் டிஓ கட்டைப் பிரிச்சு உட்காருற அன்னிக்குத்தான் ஜிஆர்என் சிஸ்டத்தில் ஏறும், பல இடத்தில் வாரக் கடைசியில். அதுக்கு முன்னாடி இன்வாய்ஸைத் தட்டினா பணம் கட்ட முடியாதபடி பிளாக் விழும். பிளாக் விழுந்தா தாமதம் ஏபி கணக்கில் ஏறும். அதனால மெயிலைத் திறந்து பார்த்துட்டு மறுபடியும் "படிக்காதது"ன்னு மாத்தி வைப்பாங்க. ஸ்டோர் ஆப்பரேஷன்ஸுக்குக் கீழே, ஏபி பைனான்ஸுக்குக் கீழே, நடுவில் கிடக்கிற நாளுக்குச் சொந்தக்காரனே கிடையாது. செயல்முறைக்கு ஒரு பொறுப்பாளர் பேரு போடாம படம் மட்டும் வரைஞ்சா இதுதான் கதி. 200 படம் வரைஞ்சு சுவத்தில் ஒட்டினாலும் சரிதான்.

சந்தேகம் இருந்தா இன்னிக்கே பாருங்க. முடியாம கிடக்கிற இன்வாய்ஸ் எல்லாத்தையும் எண்ணுங்க, மெயிலில் இருக்கிறதையும் சேர்த்து. ஒரு நாளைக்கு எத்தனை முடியுதோ அதால வகுங்க. 600 கிடக்கு, நாளைக்கு 40 முடியுதுன்னா சராசரி 15 நாள். இந்தக் கணக்குக்கு லிட்டில் விதின்னு பேரு, வரவும் முடிவும் ஏறக்குறைய சமமா இருந்தாலே போதும். 15 எங்கே, 3 எங்கே?

செந்தூல்_சார்:
அந்த 600இல் பாதி விலைத் தகராறில் நிற்பவை. அவற்றைச் சேர்ப்பது நியாயமா? எண்ணை வளைப்பது நீங்கள்தான். ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ் ஆடிட்டரே பார்த்து ஒப்புக்கொண்டார்.

பிராய்க்காரன்:
ஆடிட்டர் பார்க்கிறது நீங்க எழுதி வச்சபடி நடக்குதான்னு. எழுதினதிலேயே கடிகாரம் கிராணி மேசையில் தொடங்குதுன்னா அவர் டிக் போட்டுட்டுத்தான் போவார். ஐஎஸ்ஓ 9001க்கும் முதிர்ச்சி நிலைக்கும் சம்பந்தமே இல்லை. தகராறு இன்வாய்ஸுக்கு மட்டும் கடிகாரம் நின்னுடுமா?

கூலிம்_லைன்3:
வேற ஒண்ணு கவனிச்சீங்களா அண்ணே? படத்தில் அப்ரூவல் டாஸ்க் கட்டத்தோட விளிம்பில் 3 நாள் டைமரை முழுக்கோட்டு வட்டமா வச்சா, நேரம் ஆனதும் டாஸ்க்கே ரத்தாயிடும், மேனேஜர் லிஸ்டிலிருந்து காணாமப் போயிடும். விட்டுவிட்டு வர்ற கோட்டில் வட்டம் போட்டாத்தான் டாஸ்க் இருக்க, நினைவூட்டல் மட்டும் போகும். ரத்தானதைப் புது கேஸ் நம்பரில் மறுபடி தொடங்கினா கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிடும். அப்புறம் எந்தக் கேஸும் 3 நாளைத் தாண்டாது!

செந்தூல்_சார்:
ஊகம். படத்தைப் பார்க்காமல் பேசுகிறீர்கள்.

தாமான்_கணக்கு:
பதிவில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் இ-இன்வாய்ஸ் விடாது, சார். வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் சரிபார்ப்பு முடிந்த நொடியிலிருந்து 72 மணி நேரம். தவறு இருந்தால் வாங்குபவர் அதற்குள் நிராகரிக்கக் கேட்க வேண்டும். வெள்ளி மாலை 6 மணிக்குச் சரிபார்ப்பு முடிந்தால் திங்கள் மாலை 6 மணிக்குக் கதவு மூடிவிடும், நடுவில் சனி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை எடுத்துத் தட்டி, விலை தவறு என்று கண்டுபிடித்தால் ரத்து செய்ய வழியில்லை. சப்ளையரிடம் கிரெடிட் நோட் கேட்டு அலைய வேண்டும். உங்கள் கடிகாரம் அப்போது பூஜ்யத்தில்தான் இருக்கும்.

பிராய்க்காரன்:
அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்றேன். வருமான வரி வாரியமே நேரத்தை நொடி சுத்தமா கையில் கொடுக்குது. அதை எடுத்துக் கடிகாரத்தில் வைக்க என்ன கஷ்டம்?

தாமான்_கணக்கு:
நீங்கள் சொன்னது மெயில் விழுந்த நேரம். நான் சொல்வது சரிபார்ப்பு நேரம். இரண்டும் ஒன்றில்லை. இப்போது வந்து "நானும் சொல்றேன்" என்றால் எப்படி?

செந்தூல்_சார்:
பாருங்கள், உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. எங்களுக்காவது ஒரே கடிகாரம்.

பிராய்க்காரன்:
ஆமா, நின்னுபோன கடிகாரம். பயிற்சிக்குன்னு கம்பெனி கட்டுற எச்ஆர்டி லெவி வீணாப் போகுதேன்னு ரெண்டு நாள் பட்டறை வச்சு, மூணாம் நாள் சான்றிதழ் கொடுத்து, நாலாம் நாள் நாலாம் நிலை. கணக்கு சரியாத்தான் வருது.

செந்தூல்_சார்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். போன வருஷம் உங்கள் பட்டறைக்கு ஆள் சேரவில்லை என்ற கோபம் இன்னும் ஆறவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் "கிராணி" என்று எழுதுவதை நிறுத்துங்கள். எழுத்தர் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது.

பிராய்க்காரன்:
எழுத்தர் தட்டின நேரத்திலா, மெயில் விழுந்த நேரத்திலா?

கூலிம்_லைன்3:
சண்டை நடுவில் ஒரு சந்தேகம். டைமரில் 72 மணின்னு எழுதினா செயல்முறையை ஓட்டுற இன்ஜின் சனி ஞாயிறு பார்க்காது, அது சரி. ஆனா அப்ரூவலுக்கு 3 "வேலை நாள்"னு வைக்கும்போது, கெடாவில் அரசு விடுமுறை வெள்ளி சனி, பாலம் தாண்டிப் பினாங்கில் சனி ஞாயிறு. ஒரே கம்பெனிக்கு ரெண்டு பக்கமும் ஆபீஸ் இருந்தா காலண்டரை ஆளுக்கு வைக்கிறதா, கேஸுக்கு வைக்கிறதா? கேஸுக்குப் பினாங்கு காலண்டரை வச்சா ஞாயித்துக்கிழமை இங்கே கெடாவில் வேலைக்கு வந்த ஆளுக்கு அந்த நாள் கணக்கில் வராது.

செந்தூல்_சார்:
அது கடாரத்துக்காரர்கள் பிரச்சினை. கோலாலம்பூரில் இல்லை.

பிராய்க்காரன்:
காலண்டர் கிடக்கட்டும் தம்பி. சார் இன்னும் மெயில்பாக்ஸைப் பத்தி வாயே திறக்கலை.

கூலிம்_லைன்3:
என் கேள்விக்கும்தான் யாரும் வாயே திறக்கலை. ஆளுக்கா, கேஸுக்கா?