ஹோஸ்ட்நேம்: ‘முனைப்பெயர்’ எனலாமா?

வணக்கம்.

சிறு கருவிகளில் ஏற்றப்படும் உட்பொதி லினக்ஸ் படிமத்தில் ஹோஸ்ட்நேமை மாற்றியமைப்பது குறித்த கையேட்டுக்கு முன்மொழியப்பட்ட ‘புரவலர் பெயர்’ என்பதை நான் ஏற்கவில்லை. வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளங்காட்டும் பெயருக்கும் புரத்தலுக்கும் தொடர்பே இல்லை. ‘வழங்கிப் பெயர்’ என்றால், சேவை எதையும் வழங்காத சிறு உணரிப் பலகைக்கு அது பொருந்தாது.

‘மெஷின்’ என்பதற்கான தமிழ்ச் சொல்லைக் கொண்ட ‘பொறிப்பெயர்’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இத்தகைய படிமங்களை உருவாக்கும் யோக்டோவில் பேஸ்-ஃபைல்ஸ் ரெசிபி (அடிப்படைக் கோப்புகளை அமைக்கும் செய்முறைக் கோப்பு), ஹோஸ்ட்நேம் மாறியின் மதிப்பை இடிசி அடைவில் அதே பெயருள்ள கோப்பில் எழுதுகிறது. நாம் மதிப்பு எதுவும் தராவிட்டால் மெஷின் மாறியின் மதிப்பே அங்கு போய் அமர்கிறது. மெஷின் என்பது பலகையின் வகை. ஹோஸ்ட்நேமோ வலையமைப்பில் ஒரு கருவிக்கு உரிய பெயர். ஒரே படிமத்தை நூறு பலகைகளில் ஏற்றினால் நூறும் ஒரே பெயரோடு எழுந்து நிற்கும் என்பதால்தான், முதல் தொடக்கத்தின்போது வரிசை எண்ணையோ மேக் முகவரியையோ சேர்த்துப் பெயரை அமைக்கும் வழக்கம் உள்ளது. இந்த வேறுபாட்டை விளக்க வேண்டிய பத்தியிலேயே இரண்டையும் ‘பொறி’ என்று எழுதினால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்?

லினக்ஸின் கருவான கெர்னல் இப்பெயரை ‘நோட்நேம்’ என்ற புலத்தில்தான் வைத்திருக்கிறது. யூநேம் கட்டளையை ‘என்’ விருப்பத்துடன் இயக்கினால் கிடைப்பது அதுவே. எனவே ‘கணுப்பெயர்’ எனலாம் என்று தோன்றும். ஆயினும் உட்பொதி உலகில் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவைப்பது நல்லது. வலையமைப்பு இணைப்பின் ஒரு முனையில் இருப்பதன் பெயர் என்ற பொருளில் ‘முனைப்பெயர்’ என்பதையே முன்மொழிகிறேன்.

அடைமொழிகளையும் இச்சொல் இயல்பாக ஏற்கிறது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ஹோஸ்ட்நேமில் பிரிக்கும் மூன்று வகைகளையும் நிலை முனைப்பெயர், தற்காலிக முனைப்பெயர், காட்சி முனைப்பெயர் எனலாம். முதலாவதில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இணைகோடு ஆகியவற்றையே பயன்படுத்துவது வழக்கம். லினக்ஸில் அதன் நீள வரம்பு 64 எழுத்துகள். காட்சி முனைப்பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதைக் கையேடு தவறாமல் சொல்ல வேண்டும்.

டெர்மினலைக் குறிக்கும் ‘முனையம்’ இதனுடன் குழம்புமோ என்ற ஐயம் நியாயமானதே. ‘முனையத்தில் முனைப்பெயரை மாற்றுக’ என்ற வரி எனக்குத் தடையின்றிப் படிக்கிறது. உங்களுக்கு இடறினால், மாற்றுச் சொல்லை இதே வரியில் இட்டு எழுதுங்கள்.