கடல் உயிர்கள் இரை தின்பதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

திருகோணமலையிலிருந்து:

எங்கள் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் கோணேசர் கோவில் மலையில் நின்றாலே, சில நேரம் திமிங்கலம் மூச்சு விடுவது தெரியும். ஆழ்கடல் பள்ளத்தாக்கு துறைமுக வாயிலிலேயே தொடங்கிவிடுவதால், அவை கரைக்கு இவ்வளவு கிட்ட வருகின்றன.

மச்சானின் வள்ளத்தில் போயிருந்தேன். ஒரு நீலத் திமிங்கலம் சில தரம் மூச்சு வாங்கிவிட்டு, வாலைத் தூக்கிச் செங்குத்தாக இறங்கியது. அது போன பிறகு அந்த இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. கிட்டப் பார்த்தால் துகள் துகளாகக் கரைந்துகொண்டிருந்தது. "அது பீ மச்சான், சாப்பாடு நல்லாக் கிடைச்சிருக்கு" என்றான்.

பெரிய திமிங்கலங்கள் குளிர்க்கடலில் தின்றுவிட்டு, குட்டி போட வெப்பக்கடலுக்கு வரும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 2003இல் இலங்கையின் தென்கடலில் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் இப்படியொரு சிவப்புப் படலத்தைக் கண்டார். தின்றால்தானே கழியும்? இவை இங்கேயே இரை எடுக்கின்றன என்று அங்கிருந்துதான் அவருடைய ஆய்வு தொடங்கியது. பிற்பாடு எச்சத்தைச் சோதித்தபோது, திமிங்கலங்களின் வழக்கமான இரையான, இறால் போன்ற கிரில்லைவிடக் கூனி குடும்பத்துச் சிறு இறால்களே அதிகம் இருந்தன. ஆமாம், நாங்கள் சம்பலுக்கு இடிக்கிற கூனியின் சொந்தக்காரர்கள்தான்.

நீலத் திமிங்கலக் குட்டி பிறக்கும்போதே சுமார் 7 மீட்டர் நீளம். தாய்ப்பாலிலேயே நாளொன்றுக்கு 90 கிலோ வரை எடை கூடும். அத்தனை பாலும் அந்தச் சின்ன இறால்களிலிருந்து வருகிறது. திமிங்கலம் ஆழத்தில் தின்று மேலே கழிக்கிறது. அந்த எச்சத்திலுள்ள இரும்புச்சத்து மிதவைப் பாசிக்கு உரமாகிறது. பாசி செழித்தால் கூனிக்கு இரை.

எனக்குப் பொறுக்காதது ஒன்று. சுற்றுலாப் படகுகள் நாலாபக்கமும் மறித்தால், திமிங்கலம் மூச்சை முழுசாக வாங்காமல் இறங்கிவிடுகிறது. வாயைப் பிளந்துகொண்டு இரைக்கூட்டத்துக்குள் பாய்வதற்கு எவ்வளவு பலம் வேண்டும்! குட்டியோடு நிற்கும் தாய் என்றால் இன்னும் மோசம். பார்க்கப் போகிறவர்கள் படகுக்காரரிடம் "100 மீட்டர் தள்ளியே நிறுத்துங்கோ அண்ணை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குளச்சலிலிருந்து:

நான் திமிங்கலம் பார்த்ததில்லை. சாளை, அதாவது மத்தி மீன் பற்றிச் சொல்கிறேன். சாளையின் செவுளைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சீப்புப் பல் போல நெருக்கமாக இருக்கும். அதில்தான் தண்ணீரை வடித்து, மிதவைப் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அடித்தண்ணீர் மேலே வரும், பாசி பெருகும், சாளைக்கு நெய் ஏறும். மழை முடிந்து வருகிற நெய்ச்சாளையைச் சட்டியில் போட்டால் எண்ணெயே தேவைப்படாது.

2024 மழைக்காலத்துக்குப் பிறகு வந்த சாளை அப்படி இல்லை. விழிஞ்சத்தில் ஏலம் எடுக்கும் சித்தப்பா ஒரு கூடை கொடுத்துவிட்டார். எல்லாமே விரல் நீளம். வயிற்றைக் கீறினால் கொழுப்பே கிடையாது. மாதங்கள் போயும் 10 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. ஒரு வயதுச் சாளை 14, 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நல்ல பருவமழையால் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்துவிட்டன, இரைக்குப் போட்டி வந்து வளர்ச்சி நின்றுவிட்டது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் விளக்கியது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட மீன் இது. 2021இல் சுமார் 3,500 டன்னுக்கு இறங்கியது. 2024இல் எண்ணிக்கை திரும்பியும் உடம்பில் சதை இருக்கவில்லை. சந்தையிலும் விலை விழுந்தது. இந்தக் குஞ்சை வாரி மீன்தூள் ஆலைக்கு ஏற்றுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாம்.

மல்லிப்பட்டினத்திலிருந்து:

ஆவுளியா, அதாவது கடற்பசு, தின்பதை நேரில் பார்ப்பது கஷ்டம். தின்ற தடத்தைப் பார்க்கலாம். தண்ணீர் தெளிந்த நாளில் நண்டு வலை எடுக்கப் போனால், கடற்புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு நீளமாக வாய்க்கால் ஓடும். வேரோடு பிடுங்கித் தின்றிருக்கும். நாளுக்கு 30, 40 கிலோ புல் வேண்டும் அதற்கு. 13, 14 மாதம் சுமந்து ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். அதனால் ஒன்று செத்தாலும் ஈடுகட்ட நாளாகும்.

2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆவுளியா மேய்ந்த இடத்தில் புல் திரும்பத் தழைத்துவிடும். இழுவைமடி வாரிய இடத்தில் அப்படிச் சீக்கிரம் வராது. ஆவுளியா மேய்ந்த தடத்தைக் கண்டால் வலையைத் தள்ளிப் போடுங்கள் அண்ணன்மாரே. மாட்டிக்கொண்டால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்துப்போகும். உயிரோடு இருந்தால் வலையை அறுத்து விட்டுவிடுங்கள். அப்படி விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கிறது.