கலைச்சொல்: 'பிளஞ்ச் சா' – இறக்குவாள் என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்கலத்தில் ஓடும் பிளஞ்ச் சா (plunge saw, வட்டைப் பலகைக்குள் இறக்கி அறுக்கும் மின்ரம்பம்) எதை வாங்கலாம் என்று நம் குழுவில் ஒருவர் கேட்டதும், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சு அதைவிட நீண்டுவிட்டதும் எனக்கு மகிழ்ச்சிதான். மூழ்கு ரம்பம், அமிழ் ரம்பம், தட ரம்பம், கம்பியில்லா வட்ட ரம்பம் என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் முன்வைப்பது 'இறக்குவாள்'. வாள் வேண்டாம் என்பவர்களுக்கு 'இறக்கு ரம்பம்'. ஏன் என்று சொல்கிறேன். கருவியைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் கருவி. சாதாரண வட்ட ரம்பத்தில் பல்வட்டு எப்போதும் அடித்தகட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையின் ஓரத்திலிருந்துதான் அறுப்பைத் தொடங்க முடியும். நாம் பேசும் கருவியில் வட்டு முழுவதும் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். கருவியைப் பலகைமேல் வைத்து, சுவிட்சை அழுத்தி, கைப்பிடியைக் கீழே தள்ளினால் வட்டு மரத்துக்குள் இறங்கும். எவ்வளவு இறங்கலாம் என்பதை முன்பே பூட்டி வைத்துக்கொள்ளலாம். கையைத் தளர்த்தினால் வில் விசையில் வட்டு தானாகக் கூட்டுக்குள் ஏறிவிடும். அதனால் பலகையின் நடுவிலும் தொடங்கலாம். சமையலறை மேடையில் அடுப்புக்கோ தொட்டிக்கோ திறப்பு எடுப்பது மாதிரி.

இங்கே நடப்பதெல்லாம் இறக்குவதும் ஏற்றுவதும்தான். 'மூழ்கு' என்பது நீரோடு ஒட்டிய சொல். ஜெர்மன்காரர்களும் முக்குளிப்பதைக் குறிக்கும் வினையைக் கொண்டுதான் இந்தக் கருவிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் மொழிக்குப் பொருந்துகிறது. தமிழில் மூழ்குவதும் அமிழ்வதும் தன்வினை, பொருள் தானாகச் செய்வது. இந்தக் கருவியிலோ வட்டைக் கீழே கொண்டுபோவது நம் கை. அதற்குப் பிறவினைதான் வேண்டும். தச்சுப் பட்டறையில் ஆணியை இறக்குகிறார்கள், உளியை இறக்குகிறார்கள். 'இன்னும் ரெண்டு மில்லி இறக்கு' என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு சொல் வந்தால் அதன் குடும்பமும் வர வேண்டும். நடுப்பலகையில் தொடங்கும் அறுப்பு 'இறக்கறுப்பு'. பூட்டி வைக்கும் ஆழம் 'இறக்க ஆழம்'. மரத்தில் பள்ளம் குடையும் ரூட்டரிலும் இதே ஏற்ற இறக்க வகை உண்டே, அது 'இறக்கு ரூட்டர்'. எதுவும் இடறவில்லை. இறக்குமதியோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏற்றுமதி இருப்பதால் 'ஏற்றம்' என்ற சொல்லை நாம் விட்டுவிடவில்லையே.

அடுத்து, வாளா ரம்பமா? தமிழ்நாட்டில் வாள் என்றதும் போர்வாள்தான் நினைவுக்கு வரும், சரி. ஆனால் ஈழத்தில் மரம் அறுக்கும் கருவியையும் வாள் என்கிறார்கள். மலையாளத்தில் இன்றும் அது ஈர்ச்சவாள். நம் பழைய சொல் ஈர்வாள். 'நாளென ஒன்றுபோற் காட்டி உயிரீரும் வாளது உணர்வார்ப் பெறின்' என்ற குறளில் (334) வாள் செய்யும் வேலை ஈர்தல். ஒரே வீச்சில் வெட்டிச் சாய்க்கும் வாளாக அதைப் படிப்பதைவிட, முன்னும் பின்னும் போய்வந்து நாள் நாளாக உயிரை அறுத்துக்கொண்டே இருக்கும் ஈர்வாளாகப் படிக்கும்போதுதான் எனக்கு அந்தக் குறள் முழுதாகத் திறக்கிறது. ஈர்வாள் வினைத்தொகை, இறக்குவாளும் வினைத்தொகை. அச்சு ஒன்றேதான். ஆனால் இந்தப் பாதியில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். கடைக்காரர் ரம்பம் என்றால் ரம்பம். முன்பாதியான 'இறக்கு' மட்டும் மாறக்கூடாது என்பேன், ஏனென்றால் வாங்குபவர் ஏமாறும் இடம் அதுதான். இணையக் கடைகளில் ஒரே தேடலில் கையளவு சின்ன வட்ட ரம்பமும் வருகிறது, அதிர்வுக் கருவியும் வருகிறது, உண்மையான இறக்குவாளும் வருகிறது. விலையைப் பார்த்து முதலாவதை வாங்கிவிட்டு, கருவியை நேராக ஓட்ட உதவும் அலுமினியச் சட்டத்தில் உட்காரவில்லையே என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

'தட ரம்பம்' பற்றி. அமெரிக்காவில் இந்தக் கருவியைத் தடத்தின் பெயரால்தான் அழைக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கருவிக்குக் கீழே போடும் அந்த அலுமினியச் சட்டம் இல்லாவிட்டால் இதன் அருமையில் பெரும்பங்கு போய்விடும். இருந்தாலும் சட்டம் வேறு, வாள் வேறு. தகுந்த அடித்தகடு இருந்தால் சாதாரண வட்ட ரம்பத்தையும் சட்டத்தில் ஓட்டலாம், அது இறக்குவாள் ஆகிவிடாது. சட்டத்துக்குத் தனியாகப் பெயர் கொடுப்போம். 'வழிச்சட்டம்' என்பது என் எண்ணம். சட்டம் தச்சர்கள் கையில் ஏற்கெனவே புழங்கும் சொல். 'தண்டவாளம்' ரயிலுக்கே இருக்கட்டும்.

வாங்க நினைப்பவர் வாளைவிட முதலில் இந்த வழிச்சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். 1960களில் ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம், இன்றைய ஃபெஸ்டூலின் தாய், இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபெஸ்டூல் சட்டத்தில் இன்னொரு கருவி நிறுவனமான மகிட்டாவின் வாள் ஓடும், மகிட்டா சட்டத்தில் ஃபெஸ்டூல் ஓடும். பாஷும் மஃபெல்லும் வேறொரு வடிவத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. டிவால்ட்டின் சட்டம் தனி வகை. அதன் இரு விளிம்புகளிலும் அறுக்கலாம் என்பது அதன் நல்ல குணம். முதல் சட்டத்தை வாங்கும்போதே நீங்கள் ஒரு குடும்பத்துக்குள் போய்விடுகிறீர்கள். பின்னால் வாளை மாற்றினாலும் சட்டங்களும் பிடிகளும் வீட்டில் இருக்கும்.

நீளம்? நம் ஊர் ப்ளைவுட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440 x 1220 மி.மீ. குறுக்கே அறுக்க 1400 மி.மீ. சட்டம் போதும். நெடுக்கே அறுக்க இரண்டு 1400-ஐ இணைக்க வேண்டும், அல்லது 2.7 மீட்டர், 3 மீட்டர் ஒற்றைச் சட்டம் வேண்டும். இணைக்கும்போது நேர்விளிம்பு ஒன்றை வைத்துப் பார்த்த பிறகே திருகை இறுக்குங்கள். நூலளவு கோணல் இருந்தாலும் அலமாரிக் கதவில் தெரிந்துவிடும். மாடி ஏற்றித் தூக்கிப்போக வேண்டிய வேலை என்றால் இரண்டு துண்டுதான் வசதி. லிஃப்டுக்குள் 3 மீட்டர் சட்டம் நுழையாது.

சட்டத்தின் விளிம்பில் ஓடும் அந்த ரப்பர்ப் பட்டைக்கும் ஒரு பெயர் வேண்டும். வட்டின் முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலாகப் பலகையைக் கிழித்து வருவதால், மேல்முகத்தில்தான் சிராய் எழும்பும். பட்டை அந்த இழைகளை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. புதுச் சட்டத்தில் முதல் ஓட்டத்திலேயே வட்டு இந்தப் பட்டையைத் தன் கோட்டுக்குச் சரியாகச் சீவிவிடும். அதன்பின் பென்சில் கோட்டில் பட்டையின் விளிம்பை வைத்தால் போதும், அறுப்பு அங்கேதான் விழும். 'சிராய்த்தடை' என்று சொல்லலாமா? சிராய் எல்லோருக்கும் தெரிந்த சொல், விரலில் ஏறிய அனுபவம் யாருக்கு இல்லை? மைக்கா ஒட்டிய பலகை என்றால் முதலில் 2, 3 மி.மீ. மட்டும் இறக்கி ஒரு ஓட்டம், பிறகு முழு ஆழத்தில் இன்னொரு ஓட்டம். முதல் ஓட்டத்துக்கு 'முன்கீறல்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இப்போது 'கம்பியில்லா'. இதை நான் ஏற்கவில்லை. கம்பியில்லாத் தந்தி வந்த நாளிலிருந்து நமக்கு அது அலைவழித் தொடர்பைக் குறிக்கும் சொல். மகிட்டாவின் மின்கல மாடலான டிஎஸ்பி 601-இல் உண்மையாகவே அப்படி ஒரு தொடர்பு இருக்கிறது: வாளின் சுவிட்சை அழுத்தினால் ப்ளூடூத் வழியாகத் தூசி உறிஞ்சியும் ஓடத் தொடங்கும். டிஎஸ்பி 600-இல் அந்த வசதி மட்டும் கிடையாது. இரண்டுக்கும் மின்வடம் இல்லை. அப்படியிருக்க ஒன்றைக் 'கம்பியில்லா' என்றும் மற்றதைக் 'கம்பியில்லாத கம்பியில்லா' என்றுமா எழுதுவது? இல்லாததைச் சொல்வதைவிட இருப்பதைச் சொல்வோம்: 'மின்கல இறக்குவாள்'. பேச்சில் பேட்டரி இறக்குவாள் என்றாலும் எனக்கு நெருடவில்லை.

மின்கலத்தில் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். மின்கலப் பெட்டிக்குள் இருக்கும் லித்தியம் அயனிக் கலம் ஒன்றுக்குப் பெயரளவு அழுத்தம் சுமார் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக அடுக்கினால் 18. முழுதாக மின்னேற்றியதும் 20-ஐத் தொடும் என்பதால் அமெரிக்காவில் அதையே 20 என்று அச்சிடுகிறார்கள். அதே கணக்கில் டிவால்ட்டின் 60-ம் 54-ம் ஒன்று; மகிட்டாவின் 40 என்பது பத்துக் கலம், 36 வோல்ட். பெட்டியில் பெரிய எண் இருப்பதால் மட்டும் வலு கூடிவிடாது.

ஆனால் 18-க்கும் 36-க்கும் இருக்கும் வேறுபாடு உண்மையானது. தடித்த தேக்கை நெடுக்கே அறுக்கும்போது 1000 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 18 வோல்ட்டில் ஒரே மின்கலத்திலிருந்து சுமார் 56 ஆம்பியர் உறிஞ்ச வேண்டும். இரண்டைத் தொடராகப் போட்டால் 28 ஆம்பியர் போதும். ஒவ்வொரு மின்கலத்தின் உள்ளேயும் எழும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். டிஎஸ்பி 600, ஃபெஸ்டூல் டிஎஸ்சி 55 இரண்டும் இரண்டு 18 வோல்ட் மின்கலங்களை ஏற்பது இதற்காகத்தான். பாஷின் ஜிகேடி 18வி-52 ஒரே மின்கலத்தில் ஓடுகிறது. அதற்கு ஏற்ப வட்டையும் 140 மி.மீ. ஆகச் சிறிதாக்கி, ஆழத்தை 52 மி.மீ.இல் நிறுத்தியிருக்கிறார்கள். பலகை வேலைக்கு அது தாராளம். மகிட்டாவின் வட்டு 165 மி.மீ., செங்குத்தாக 56 மி.மீ., 45 பாகைச் சாய்வில் 40 மி.மீ. இந்த ஆழம் சட்டத்தோடு சேர்த்தா, சட்டம் இல்லாமலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவருக்கு என் நேரடியான பதில்: வீட்டில் ஏற்கெனவே எந்த நிறுவனத்தின் 18 வோல்ட் மின்கலங்கள் இருக்கின்றனவோ, அதன் இறக்குவாளையே வாங்குங்கள். எதுவும் இல்லை என்றால், சட்டத்தின் பொருத்தத்தை வைத்து மகிட்டாவைச் சொல்வேன். ஒரே பட்டறையில், பிளக் அருகிலேயே நின்று அறுப்பவருக்கு மின்கலமே தேவையில்லை. மகிட்டாவின் வடமுள்ள எஸ்பி 6000 1300 வாட்தான், 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். தூசிக்கு எப்படியும் உறிஞ்சி வேண்டும், அதற்கு வடம் வரும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. உறிஞ்சி, முகக்கவசம் இரண்டையும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் எத்தனையோ தச்சர்கள் 110 மி.மீ. மார்பிள் கட்டரில் பல்வட்டை மாட்டி ப்ளைவுட் அறுக்கிறார்கள். அது நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும் கருவி. டிஎஸ்பி 600-இன் உச்சமே 6300. கல் அறுக்கச் செய்த அந்தக் கருவியில், வட்டு மரத்தில் சிக்கினால் காக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. விரல்கள் போயிருக்கின்றன. கையைத் தளர்த்தியதும் வட்டு கூட்டுக்குள் ஏறிவிடும் ஒரு கருவியின் பெயர் தமிழில் பரவினால் அந்தக் கைகளுக்கு நல்லது. நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

சிக்கும் வட்டு கருவியை நம்மை நோக்கி உதைக்குமே, அதற்கு 'பின்னுதை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அருமையான சொல், அப்படியே வைத்துக்கொள்வோம். நடுப்பலகையில் இறக்கும்போதுதான் இது அதிகம், ஏனென்றால் கீழிறங்கும் பின்பற்கள் மரத்தில் சிக்கிவிடலாம். கருவிக்குப் பின்னால் சட்டத்தில் ஒரு தடுப்பைப் பூட்டிவிட்டு, வட்டு முழு வேகம் எடுத்த பிறகு மெதுவாக இறக்குங்கள்.

கடைசியாக, வட்டுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய தகடு. அறுத்த வாய் மீண்டும் மூடி வட்டைக் கவ்வாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. 'பிளவுக்கத்தி' என்ற முன்மொழிவு எனக்குச் சரிப்படவில்லை, அது எதையும் பிளப்பதில்லை, வெட்டுவதுமில்லை. பெரிய மரங்களைக் கையால் அறுத்த காலத்தில் அறுத்த வாயில் ஆப்பு வைத்தார்கள். ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்குச் சிறுவயது முதலே தெரியும். வாய் மூடினால் என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கதை. அதனால் 'ஆப்புத்தகடு' என்கிறேன். டிஎஸ்பி 600-இல் இந்தத் தகடு கிடையாது, டிஎஸ்சி 55-இல் உண்டு. விலையை ஒப்பிடும்போது இதையும் பாருங்கள்.

இறக்குவாள், வழிச்சட்டம், சிராய்த்தடை, முன்கீறல், ஆப்புத்தகடு ஆகிய ஐந்துக்கும் மாற்று இருந்தால் சொல்லுங்கள். ஈழத்து நண்பர்கள், அங்கே மரக்காலைகளில் ஆப்புத்தகட்டுக்கு ஏற்கெனவே பெயர் புழங்குகிறதா என்று விசாரித்து எழுத முடியுமா? இருந்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே வைத்துவிடலாம்.

அன்புடன்.