ஏழாவது படிக்கும் மகளுக்கு ஆன்லைன் கணக்கு வகுப்பு: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கமுங்க. நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மகள் ஏழாவது, தமிழ் வழி. பாடப்புத்தகக் கணக்கு அவளுக்குப் பத்தவில்லை.

போன வாரம் கப்ரேக்கர் என்ற நம் நாட்டுக் கணக்கு வாத்தியார் கண்டுபிடித்த 6174 என்கிற எண் வேடிக்கையைச் சொல்லிக் கொடுத்தேன். நான்கு இலக்க எண் ஒன்று (எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது). இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையைக் கழிக்க வேண்டும். விடையை வைத்துத் திரும்பவும் அதையே செய்தால் ஏழு தடவைக்குள் 6174 வந்து நின்றுவிடும். மூன்று இலக்கத்துக்கு 495 என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்!

இப்படி யோசிக்க வைக்கிற ஆன்லைன் வகுப்பு, சனி ஞாயிறில், தமிழில் விளக்குகிற மாதிரி எங்காவது நடக்கிறதா? மார்க்குக்கான ட்யூஷன் வேண்டாமுங்க. ஐந்தாறு பிள்ளைகள் பேசிக்கொண்டே கணக்குப் போட்டால் ரொம்ப நல்லது. கட்டணம் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.