ககன்யானுக்கு ஏன் சோதனை விமானிகள்?

வான்நோக்கி:
மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் கலம் பெரும்பாலும் தானாகவே இயங்கும் என்கிறார்கள். பிறகு ஏன் அதில் பறக்கத் தேர்வான நால்வருமே விமானப்படையின் சோதனை விமானிகள்? நல்ல போர் விமானி போதாதா?

தென்திசை:
கலமே புதிதாக உருவாகிக்கொண்டிருக்கிறதே, அதனால்தான். கட்டுப்பாட்டுப் பிடி, திரைகள், இருக்கை எல்லாவற்றையும் பறப்பவர் கோணத்தில் மதிப்பிட ஆள் வேண்டும். அதற்கான படிப்பு பெங்களூரில், விமானப்படையின் சோதனை விமானிகள் பள்ளியில், ஏறக்குறைய ஓராண்டு. பல ரக விமானங்களில் கை பழக வேண்டும். நால்வரில் ஒருவரான, சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் சுகோய்-30, மிக்-21, மிக்-29, ஜாகுவார் மட்டுமல்ல, டார்னியர், ஏஎன்-32 கூட ஓட்டியவர். சுமார் 2,900 மணி நேரம். நால்வரும் ரஷ்யாவின் ககாரின் விண்வெளி வீரர் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்றது 2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச் வரை.

அலைவரிசை:
மதிப்பிடுவது என்றால் 'நன்றாகப் பறக்கிறது' என்று சொல்வதல்ல. விமானத்தை ஓட்டுவது எவ்வளவு எளிது என்பதை அளக்கும் கூப்பர்–ஹார்ப்பர் அளவுகோலில் 1 முதல் 10 வரை எண் தர வேண்டும். கட்டுப்படுத்த முடிகிறதா? இல்லையென்றால் 10. தாங்கக்கூடிய உழைப்பில் தேவையான அளவுக்காவது வேலை முடிகிறதா? இல்லையென்றால் 7–9. திருத்தமே வேண்டாமா? வேண்டுமென்றால் 4–6, வேண்டாமென்றால் 1–3. கெட்டிக்கார விமானி விமானத்தின் குறையைத் தன் திறமையால் மூடிவிட்டு 3 போடுவதுதான் இதில் ஆபத்து. அதனால் இலக்கை எட்டினாரா என்பதோடு, எட்ட எவ்வளவு பாடுபட்டார் என்பதையும் எழுதச் சொல்வார்கள்.

தென்திசை:
தானியங்கி மட்டும் போதாது என்பதற்கு உதாரணம் அமெரிக்காவின் ஜெமினி 8 விண்கலம், 1966 மார்ச் 16. அஜீனா என்ற ஆளில்லா இலக்குக் கலத்துடன் இணைந்த சிறிது நேரத்தில் கலம் உருளத் தொடங்கியது. ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் அஜீனாவைச் சந்தேகித்துப் பிரிந்தார்கள். எடை குறைந்ததும் சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்றாக ஏறிவிட்டது.

வான்நோக்கி:
ஏன் அஜீனாவைச் சந்தேகித்தார்கள்?

தென்திசை:
அஜீனா முரண்டு பிடித்தால் அதன் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள் என்று தரையிலிருந்து முன்பே சொல்லியிருந்தார்கள். உண்மையில் திறந்தபடி சிக்கியது ஜெமினியின் 8ஆம் எண் உந்துபொறி. ஆம்ஸ்ட்ராங் அந்த உந்துபொறித் தொகுதி முழுவதையும் அணைத்து, பூமிக்குத் திரும்புவதற்கென வைத்திருந்த தனி உந்துபொறிகளால் சுழற்சியை நிறுத்தினார். பிறகு ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்துத்தான் 8ஆம் எண்ணைப் பிடித்தார்கள். திரும்புவதற்கான தொகுதியைப் பயன்படுத்திவிட்டால் உடனே இறங்க வேண்டும் என்பது விதி. மூன்று நாள் பயணம் 11 மணி நேரத்துக்குள் முடிந்தது.