மேலத்தெரு குடும்பம்: கயல் கிளாஸ்கோவுக்குப் போவதா?

செவ்வாய், மாலை 6.40

செல்வி: எல்லோருக்கும் ஒரு செய்தி. கயலுக்குக் கிளாஸ்கோ ராயல் கன்சர்வட்வாரில் நடிப்புப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏபர்டீனில் மருத்துவத்துக்கும் இடம் இருக்கிறது. அவளுடைய அப்பா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாயே திறக்கவில்லை.

இசக்கி: அடி என் தங்கமே

இசக்கி: வாழ்த்துகள் கயல்

அருண்: நடிப்பா! சொல்லவே இல்லையே

கயல்: கிடைத்தால் சொல்லலாம் என்று இருந்தேன் அண்ணா.

முருகேசன்: வாழ்த்து எல்லாம் பிறகு. மருத்துவ இடத்தை விட்டுவிட்டுக் கூத்துக் கட்டப் போகிறாளா? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

செல்வி: பெரிய அத்தான், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

வேலாயுதம்: எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அருண்: அப்பா எழுதத் தொடங்கிவிட்டார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வேலாயுதம்: தம்பி, நம் ஸ்காட்லாந்தின் டண்டியில் 1946இல் பிறந்த நடிகர் பிரையன் காக்ஸைப் பற்றி உனக்குத் தெரியும். தொலைக்காட்சியில் அந்தக் கோடீசுவரக் கிழவன் லோகன் ராயாக வருகிறவர். ஐந்து பிள்ளைகளில் கடைசி. அம்மா சணல் ஆலையில் நூல் நூற்றவர். அப்பா ஒரு சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தார். பிரையனுக்கு எட்டு வயதாகும்போது கணையப் புற்றுநோயில் இறந்துபோனார். கணக்கைப் பார்த்தால் வங்கியில் மிஞ்சியிருந்தது 10 பவுண்டு. அம்மாவுக்கு மனம் உடைந்து மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை. பிள்ளையை வளர்த்தது அக்காமார். விதவைப் பென்சன் வெள்ளிக்கிழமை வரும், அதனால் வியாழக்கிழமை இரவு மீன் வறுவல் கடைக்குப் போய், சட்டியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் மாவுத் தூளை வாங்கி வருவார்களாம். அவரே பல பேட்டிகளில் சொன்னது இது. நான் கட்டிச் சொல்லவில்லை.

இசக்கி: கடன் கொடுத்த மளிகைக் கடையா

இசக்கி: நம் அப்பாவேதான்

கயல்: ஆச்சி பக்கத்தில் இருக்கிறார்கள். நான் வாசித்துக் காட்டினேன். ஆச்சி சொல்வதை எழுதுகிறேன்: "அந்தத் தாய் பாவம். ஐந்து பிள்ளையையும் கையில் கொடுத்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தால் யாருக்குத்தான் புத்தி கலங்காது? அவளை யார் பார்த்துக்கொண்டார்கள்?"

வேலாயுதம்: அக்காமார்தான் அம்மா. பிள்ளையையும் பார்த்தார்கள், தாயையும் பார்த்தார்கள்.

கயல்: "சணல் அங்கே விளையுமா?" என்று கேட்கிறார்கள்.

வேலாயுதம்: விளையாது. எல்லாம் வங்காளத்துச் சணல். கப்பலில் டண்டிக்கு வரும். அது முரட்டு நார், அதை இளக்கத் திமிங்கில எண்ணெய் தடவுவார்கள். டண்டியில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இருந்ததால் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆலைகளில் பெண்களே அதிகம். பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பது முதலாளிகளின் கணக்கு. வேலையில்லாத ஆண்கள் பலர் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கல்கத்தாவிலேயே ஆலைகள் எழுந்தன. அவற்றை நடத்தப் போனவர்களில் பலர் டண்டிக்காரர்கள். அதோடு இங்கே தொழில் தேயத் தொடங்கியது. இங்குள்ள பழைய சணல் ஆலை ஒன்று இப்போது அருங்காட்சியகம். அம்மா, முட்டுவலி குறைந்ததும் உங்களைக் கூட்டிப் போகிறேன்.

செல்வி: முட்டுவலி என்றதும் நினைவு வருகிறது. அத்தைக்கு மாத்திரை வாங்கியாயிற்றா?

முருகேசன்: வாங்கியாயிற்று. மேலே அலமாரியில் இருக்கிறது.

இசக்கி: ஆச்சி பிறந்தநாள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியது யார்? யாரும் சொல்லவில்லையே

அருண்: நான் கட்டவில்லை அத்தை

முருகேசன்: மண்டபம் பிறகு. அண்ணன், சணலை விடுங்கள். அந்த ஆள் எப்படிப் பிழைத்தார்?

வேலாயுதம்: அதைத்தான் சொல்ல வருகிறேன். பதினான்கு பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு டண்டி ரெப் நாடக அரங்கில் எடுபிடியாகச் சேர்ந்தார். அது 1961. உள்ளே நுழைந்த அன்றே மாடிப்படியில் இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்களாம். பயந்து திரும்பாமல், இதுதான் நம் இடம் என்று நினைத்திருக்கிறார். 1963இல் லண்டன் லாம்டா நாடகப் பள்ளிக்குப் போனார். அதே ஆண்டு டண்டியில் அந்தப் பழைய அரங்கு தீப்பிடித்து எரிந்தது. இப்போது டே சதுக்கத்தில் நாம் பார்ப்பது 1982இல் திறந்தது. லாம்டாவுக்கு அவர் ஒரு பைசா கட்டவில்லை, உதவித்தொகையில் படித்தார். சணல் ஆலைக்காரி மகன் நடிகன் ஆக முடிந்ததற்கு அந்தப் பணம்தான் காரணம், இன்று என் மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அடைபட்டுக் கிடக்கிறது என்று இப்போதும் கோபமாகப் பேசுகிறார்.

முருகேசன்: பார்த்தீர்களா, அவரே சொல்கிறார்.

வேலாயுதம்: முழுவதும் கேள். கயல் லண்டன் போனால் கட்டணம் முழுக்கக் கடன். ஸ்காட்லாந்துப் பிள்ளை ஸ்காட்லாந்திலேயே முதல் பட்டம் படித்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். கிளாஸ்கோவில் நமக்கு ஆகும் செலவு தங்குமிடமும் சாப்பாடும்தான்.

செல்வி: தங்குமிடம் மட்டும் குறைவா அத்தான்? விசாரித்தேன், தலை சுற்றுகிறது. பெர்த்திலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தால் என்ன?

கயல்: ஒத்திகை இரவு வரை இருக்கும் அம்மா.

அருண்: டேவிட் டென்னன்ட், ஜேம்ஸ் மெக்அவாய், ஆலன் கம்மிங் எல்லாம் அங்கே படித்தவர்கள் சித்தப்பா. சும்மா ஒரு பள்ளி இல்லை.

முருகேசன்: மூன்று பெயர் சொன்னாய் அருண். அவர்களோடு படித்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்? காக்ஸோடு டண்டியில் மேடை ஏறியவர்கள் பெயர் ஒன்று சொல். உன்னால் முடியாது. என்னாலும் முடியாது. என் மகள் அந்தப் பெயர் தெரியாத கூட்டத்தில் ஒருத்தியாகி, நாற்பது வயதில் வாடகைக்கு அல்லாடினால் அப்போது நான் உயிரோடு இருப்பேனா?

இசக்கி: சின்னண்ணன் சொல்வது நியாயம்

இசக்கி: ஆனாலும் கயல் ஆசை

வேலாயுதம்: நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் காக்ஸும் வெகுகாலம் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான். லோகன் ராய் முதலில் ஒளிபரப்பானது 2018 ஜூனில். அப்போது அவருக்கு 72 வயது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் அடையாளம் கண்டுகொண்டது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்? வேலை. 1987இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நாடகக் குழுவில் டைட்டஸ் வேடம், 1990இல் நேஷனல் தியேட்டரில் லியர் அரசன். மாஸ்கோவில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பெரிய படங்களில் சின்னச் சின்ன வேடம் போட்டார். மனிதரைத் தின்னும் கொலைகாரன் ஹானிபல் லெக்டரைத் திரையில் முதலில் செய்ததே அவர், 1986இல். பேர் வாங்கிப் போனவர் வேறொருவர். அதற்காக இவர் வேலையை நிறுத்தவில்லை. தச்சன் பட்டறைக்குப் போவது மாதிரி நடிக்கப் போனார். நடிப்பைச் சூதாட்டமாகப் பார்த்தால் நீ சொல்வது சரி. அவர் அதைத் தொழிலாகப் பார்த்தார்.

அருண்: 2024இல் லண்டன் விண்டம்ஸ் அரங்கில் அவரைப் பார்த்தேன். பழைய நடிகர் ஒருவரின் வேடம். பணம் போய்விடுமோ என்ற பயத்திலேயே குடும்பத்தை வாட்டுகிற அப்பா. இப்போது மாவுத்தூள் கதையைக் கேட்டதும் அந்த நடிப்பு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

முருகேசன்: அந்தப் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். அப்பா கடையின் கடன் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவன் நான்.

செல்வி: காக்ஸ் குடும்பம் எப்படி? மனைவி, பிள்ளைகள்?

வேலாயுதம்: முதல் திருமணம் 1968இல். ஒரு மகன், ஒரு மகள். மகன் ஆலனும் நடிகர்தான். 1986இல் மணவிலக்கு. பிறகு நிக்கோல் அன்சாரி என்ற நடிகையை மணந்தார், இரண்டு மகன்கள். 2021இல் வந்த தன் வரலாற்று நூலில் இதை அவர் பூசி மெழுகவில்லை. எங்கேயோ போய் மறைந்துகொள்ளும் குணம் தன்னிடம் இருக்கிறது, பிள்ளைகள் வளரும்போது கூட இருக்க வேண்டிய அளவு இருக்கவில்லை என்கிறார். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவனுக்குத் தகப்பனாக இருப்பது எப்படி என்று யாரும் காட்டவில்லை.

இசக்கி: கூட இருக்க வேண்டிய நேரத்தில் இல்லாமல் போவது நடிகர்கள் மட்டும்தானா பெரியண்ணன்? அப்பா காரியத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்தது பதினாறாம் நாள்.

இசக்கி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

முருகேசன்: நான் பார்த்துவிட்டேன் இசக்கி. அது இப்போது எதற்கு?

இசக்கி: எதற்கும் இல்லை. மனதில் இருந்தது, வந்துவிட்டது.

இரவு 8.25

செல்வி: பெரிய அத்தான், இருக்கிறீர்களா?

வேலாயுதம்: இருக்கிறேன். இசக்கி சொன்னது பொய்யில்லை. ஆனால் அன்று விமானத்துக்கு என்னிடம் பணம் இல்லை என்பதும் பொய்யில்லை. அதை உங்கள் மூவரிடமும் நான் சொன்னதில்லை.

கயல்: ஆச்சி இதை அழுதுகொண்டே சொல்கிறார்கள்: "எனக்குத் தெரியும். உன் அப்பாவும் உன்னைக் குறை சொல்ல மாட்டார். பிள்ளைகள் இதைத் தோண்ட வேண்டாம்."

இசக்கி: சரி ஆச்சி... அம்மா, சரி.

இசக்கி: அண்ணன், நாளை கூப்பிடுகிறேன்

வேலாயுதம்: கூப்பிடு தங்கச்சி.

அருண்: காக்ஸ் இயக்கிய முதல் படமும் அண்ணன் தம்பி பற்றித்தானே அப்பா? நெடுங்காலம் பிரிந்திருந்தவர்கள், விஸ்கி வடிசாலை.

வேலாயுதம்: ஆமாம். 2025இல் டொரான்டோ விழாவில் திரையிட்டார்கள். அப்போது அவருக்கு 79. ஒரு சகோதரன் அவர், இன்னொருவர் ஆலன் கம்மிங். அதே ஆண்டு கோடையில் டண்டி ரெப்புக்கே நடிக்க வந்தார், பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்தின் ஆவியாக. ஒரு வங்கி மூழ்கிய கதை. நானும் உன் அம்மாவும் பார்த்தோம். எடுபிடியாகத் தொடங்கிய அதே நாடகக் குழுவில் அந்த வயதில் வந்து நிற்கிறார். எனக்கு மேடை கண்ணில் படவில்லை, அழுகையாக வந்தது.

முருகேசன்: கயல், நீ ஒன்றும் பேசவில்லையே. பெரியப்பா பேசினால் போதுமா?

கயல்: அப்பா, பேர் வாங்குவதற்காகப் போகவில்லை. பள்ளி நாடகத்தில் லியரின் கடைசி மகளாக நின்றபோது, இதைத் தினமும் செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அரங்குகளில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையும் இருக்கிறது, அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். மருத்துவம் எனக்கு வரும். ஆனால் அதற்காக நான் காலையில் எழுந்திருக்க மாட்டேன்.

இசக்கி: லியர் என்றால் ராச்சியத்தை மூன்று மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர்தானே

வேலாயுதம்: இரண்டு பேருக்குக் கொடுத்தார். கடைசி மகளுக்கு ஒன்றும் இல்லை.

இசக்கி: அப்படியா. மேலத்தெரு வீடு விற்ற பணத்தில் இந்தக் கடைசி மகளின் பங்கு என்ன ஆயிற்று என்று நானும் கேட்க வேண்டும்

செல்வி: மதினி வழியாக நல்ல யோசனை வருகிறது. அந்தப் பணம் இன்னும் வங்கியில்தான் கிடக்கிறது. கயல் தங்குமிடத்துக்கு அதிலிருந்து எடுக்கலாமே?

முருகேசன்: அது மூன்று பேர் பணம் செல்வி. நாம் எடுக்க முடியாது.

வேலாயுதம்: என் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

முருகேசன்: வேண்டாம் அண்ணன். என் மகளை நான் படிக்க வைப்பேன்.

அருண்: அப்படியானால் படிக்க வைக்கிறீர்கள்!

முருகேசன்: அவசரப்படாதே. அந்தப் படிப்பு முடித்தவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுத்தில் வேண்டும். ஏபர்டீன் இடத்தை ஓராண்டு தள்ளி வைக்க விடுவார்களா என்பதும் தெரிய வேண்டும்.

கயல்: நாளைக் காலை இரண்டு இடத்துக்கும் தொலைபேசியில் கேட்கிறேன் அப்பா.

செல்வி: புதன் இரவு அத்தான் இங்கே சாப்பிட வரட்டும். ஆப்பம் போடுகிறேன்.

வேலாயுதம்: ஏழு மணிக்கு வந்துவிடுவேன். அந்த நூலையும் கொண்டு வருகிறேன் தம்பி. பிள்ளைகளைப் பற்றிய பக்கங்களை மட்டும் வாசி.

முருகேசன்: கொண்டு வாருங்கள்.

இசக்கி: எல்லாம் சரி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியது யார்? அங்கிருந்து இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள்